கடைசி பெஞ்சில் புளியமுத்து

துடியலூர்,
ஞாயிறு

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் நலமில்லை என்கிறது. லீட்ஸ் குளிரில் உன் உடம்பும் மனசும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். உன் ஆராய்ச்சியை நான் கெடுத்துவிட்டேன். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மேலே படி.

ரிட்டயரான தபால்காரர் சும்மாதானே இருக்கிறார் என்று நீதான் என்னை நம் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாய். வீட்டில் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளிக்குள் கால் வைத்ததும் வாயே திறக்காத ரம்ஷா, காலை வகுப்பில் தானாக எத்தனை தடவை பேசுகிறாள் என்று எண்ண வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு புளியமுத்து, இடது பையிலிருந்து வலது பைக்கு. வேறு பிள்ளைகளோடு அவளை ஒப்பிடக் கூடாது, அவளுடைய நேற்றோடுதான் அவளுடைய இன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உன்னைப் பெரியப்பா மகளோடு ஒப்பிட்டே வளர்த்தவன் நான். பேச்சுப் பயிற்சி தரும் இஸ்மத் டீச்சர் முதல் வாரம் ஒன்றும் செய்யக் கூடாது, நான் வெறுமனே எண்ணினால் போதும் என்றாய். தலைமையாசிரியையோ மாசக் கடைசிக்குள் பலனைக் காட்டாவிட்டால் பயிற்சி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

திங்களன்று ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை ஐந்து முத்து. நான் சொன்ன எண்ணிக்கையை அங்கே வரைபடத்தில் கோடாகப் போட்ட நீ பதறிப்போய், "ஏனுங்கப்பா, இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலீங்களே, கோடு எப்படி மேல போகுது?" என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன். தினமும் அவள் உள்ளே வரும்போது, "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அவள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு ஆளைக் கண்டதும் அதைக் கேட்காமல் இருக்க நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? நீ திட்டிய திட்டில் அடுத்த வாரம் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். முத்தெல்லாம் இடது பையிலேயே கிடந்தது.

இஸ்மத் டீச்சர் கெட்டிக்காரி. "அந்தக் கேள்வியவே பயிற்சியாக்கிப்போடலாமுங்க" என்று, தினமும் ஏதாவது ஒன்று கேட்டு, விரல் மடக்கிப் பத்து எண்ணும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நான்கு, ஏழு, பதினொன்று என்று முத்து இடம் மாறியது. பிறகு உன் சட்டப்படி பயிற்சியை ஒரு வாரம் நிறுத்தினோம். எண்ணிக்கை இறங்கினால்தான் ஏறியது பயிற்சியால் என்று தலைமையாசிரியை நம்புவார். இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் இறங்கவே கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். திங்கள் ஆறு, செவ்வாய் இரண்டு. உன் கோட்டுக்காக சந்தோஷப்பட்டேன், அப்படிப் பட்டதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை ரம்ஷா நேராக என் பெஞ்சுக்கு வந்து, "தாத்தா, நீங்க சாப்டீங்களா?" என்றாள். எண்ணுகிறவன் பேசக் கூடாது என்பது நினைவிருந்தது. அவளோ நகரவில்லை, விரலை மடக்க ஆரம்பித்தாள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் நான் தோற்றுப்போனேன். "ஆச்சு கண்ணு, அஞ்சு இட்லி" என்றேன். "அஞ்சா!" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை, "நாளைக்கே ஆரம்பிச்சுடுங்க, வருசக் கடைசி வரைக்கும் நிறுத்த வேண்டாமுங்க" என்று இஸ்மத் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை முத்து மாற்ற வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது.

ஆக, உன் கோடு புதன்கிழமையோடு அறுந்து நிற்கிறது. பேராசிரியரிடம் தாராளமாக என் மேல் பழியைப் போடு. தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாசாணியம்மன் உன்னைக் கண்ணாகக் காப்பாற்றட்டும். இன்னொன்று. போனில் சாப்பிட்டாயா என்று கேட்டால் நீ "ம்" என்பாய், நாங்களும் உடனே அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவோம். தப்பு எங்களுடையதுதான், நாங்கள் காத்திருந்ததே இல்லை. அடுத்த ஞாயிறு கேட்டுவிட்டு நானும் விரல் மடக்கப் போகிறேன். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை என்றாலும் அதைச் சொல் கண்ணு. பத்து வரை இருப்பேன், அதற்கு மேலும் இருப்பேன்.

இப்படிக்கு,
இடது பையில் முத்தோடு
உன் அப்பா காளிச்சாமி