உம்றாவுக்கு முன்னம் ஒரு ஊசி

இஞ்சாருங்கோ,

தொழுதிட்டுப் பள்ளியாலை வந்தவுடனை மூடி வைச்ச புட்டைச் சாப்பிட்டிட்டு, ஒன்பது மணிக்கு முன்னம் கிளினிக்குக்கு வாங்கோ. நான் முன்னுக்குப் போய் நம்பர் எடுத்து வைக்கிறன். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து றஸ்மி வீட்டிலை குடுங்கோ.

நேற்று பிளேன்ரீ குடிச்சிட்டு வாறன் எண்டு வரிசையை விட்டுப் போன மனிசன் வீட்டிலை வந்து படுத்திருந்தால் கோவம் வராதோ? நான் தனிய நிண்டு ஊசி போட்டனான். கை கொஞ்சம் நோகுது, வேறை ஒண்டுமில்லை.

மூளைக்காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னம் போடவேணும். இண்டைக்குத்தான் கடைசி நாள். நீங்கள் இல்லாமல் நான் மக்காவுக்கு உம்றா செய்யப் போகப்போறதில்லை. வருவீங்கள், எனக்குத் தெரியும்.

மைமூனா

இதையும் வாசியுங்கோ: உங்களுக்கு ஊசிக்குப் பயம் எண்டது கலியாணம் முடிச்ச வருசமே எனக்குத் தெரியும். பிள்ளையளுக்கு இண்டுவரைக்கும் சொல்லேல்லை. உங்கடை மற்றக் கையைப் பிடிச்சுக்கொண்டு நான் பக்கத்திலை நிப்பன்.