தண்ணீரில் பிரிந்த எண்ணெய்

என் அன்புக்குரியவருக்கு,

ஓய்வில் இருப்பவரிடம் ஆலைக் கதை பேசக் கூடாது என்று உங்கள் தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். என் வாய் கேட்டால்தானே!

இன்று சூரியகாந்தி விதையிலிருந்து எண்ணெய் எடுத்துவிட்டேன். பெட்ரோல் வாடை அடிக்கும் அந்தக் கரைப்பான் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. அரைத்த விதை, வெந்நீர், விதையை இளக்கி எண்ணெயை விடுவிக்கக் கொஞ்சம் நொதி, அவ்வளவுதான்.

தொடங்கியபோது முதலாளி சிரித்தார். "எண்ணெயும் தண்ணியும் ஒட்டவே ஒட்டாதேம்மா!"

"ஒட்டாததுதான் சார் நமக்கு வசதி. தானா பிரிஞ்சு மேல வந்துடும்" என்றேன்.

வாய்க்கொழுப்புக்குத் தண்டனைபோல, மூன்று முறை எல்லாம் கலந்து மோராக நின்றது. நான்காம் முறை நொதிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கொடுத்தேன். இன்று காலை சுழல் இயந்திரத்தின் குழாயில் எண்ணெய் பொன்னிறமாக இறங்கியது. முதலாளி விரலில் தொட்டு ருசி பார்த்தார்.

"பழைய அளவைவிடக் கொஞ்சம் கம்மிதான் சார்" என்றேன்.

"கம்மியா இருந்தா இருக்கட்டும். இனி யாரும் ஆஸ்பத்திரியில படுக்க வேணாம். அந்தக் கரைப்பான் டேங்க்கைக் கழட்டச் சொல்லுங்க."

உங்கள் கையைச் சுட்ட அந்த அறையில் இனித் தீப்பிடிக்க எதுவும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

புதிய இயந்திரத்தை ஓட்ட ஆள் வேண்டும். உங்களைத் தவிர நான் வேறு யாரையும் நினைக்கவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எல்லா வால்வுகளையும் இடது கையாலேயே திறந்து மூடிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அடம்பிடிக்கவில்லை.

டாக்டர் தலையாட்டிய அன்றைக்கே கிளம்பி வாருங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி