அழைப்புக்கு முதல் பதில்

ஜனவரி 8, திங்கள்

தமாலே முகாமில் இரண்டாம் பிளாட்டூனின் தலைவராக லெப்டினன்ட் எஷுன் இன்று பொறுப்பேற்றார். கடற்கரைக்காரர், ஹர்மட்டான் பாலைக்காற்றின் புழுதியில் தும்மியபடியே எங்கள் சல்யூட்டை ஏற்றார். "சார்ஜன்ட் அக்பெனே, சார். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்பு, எஞ்சியது என் சொந்த உழைப்பு" என்று அறிமுகம் செய்துகொண்டேன். குறைத்துச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

அடுத்த மாதம் முழுச்சுமை நடைப்போட்டி. வெல்லும் பிளாட்டூனே அமைதிப்படையில் முதலாவதாக வெளிநாடு செல்லும். கடைசி ஆள் கோட்டைத் தாண்டினால்தான் கடிகாரம் நிற்கும் என்பது விதி. எங்கள் கடைசி ஆள் என்றும் சிப்பாய் டெட்டேதான். இரண்டு ஆண்டுகளாகத் தோற்றதால் மூன்றாம் பிளாட்டூன் எங்களுக்கு இட்ட பெயர் 'சவ வண்டி'. இவ்வாண்டு அப்பெயர் அழிந்தே தீர வேண்டும்.

ஜனவரி 13, சனி

முதல் பயிற்சி. நடக்கும்போது பாட்டெடுத்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் உரிமை. நான் வரிசையின் கடைசியில் நின்று அழைப்பேன்; பிளாட்டூன் பதில் பாடும். பாட்டு எந்த வேகமோ, கால்களும் அந்த வேகம்.

லெப்டினன்ட் முன்னாலிருந்து, "வேகப் பாட்டு ஒண்ணு எடுங்க சார்ஜன்ட்!" என்றார். நான் எடுத்தது மாமியார் பாட்டு. "சட்டிக்குள்ளே என்ன வேகுது?" என்று நான் கேட்க, "மாமியா குடுத்த கல்லு வேகுது!" என்று அவர்கள் பாட, பிளாட்டூன் யானையைப்போல் நிதானமாக நகர்ந்தது. டெட்டே உட்பட அனைவரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

கெங்கிச் சோள உருண்டை தின்னும்போது கார்ப்பரல் அவுனி காதருகே வந்து, "ஸ்டியரிங் அவரு கையில, பிரேக் உங்க தொண்டையில, சார்ஜன்ட் அம்மா!" என்றான். சிரிப்பை அடக்க முயன்றேன். முடியவில்லை. முயன்றேனா என்பதும் ஐயமே.

ஜனவரி 19, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

பயிற்சி நடையில், நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் பருத்தி லாரி வந்திருக்கிறது. லெப்டினன்ட் "நில்!" என்று கத்தியிருக்கிறார். ஒருவரும் நிற்கவில்லை. பாட்டு நிற்கவில்லையே — அதனால். கடைசியில் இருந்த என் கண்ணுக்குப் புழுதியில் லாரி தெரியவில்லை. நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டு வந்தேன். லாரியின் பக்கக் கண்ணாடி டெட்டேயின் முதுகுப்பையில் மோதி அவனைப் புழுதியில் உருட்டியது. உயிருக்கு ஆபத்தில்லை, தோளில் சிராய்ப்பு.

நான் "நில்" என்றதும் அத்தனை பேரும் சிலையானார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் சொன்னா நிக்கல, நான் சொன்னா நிக்கிறாங்க. என்ன பண்ணி வச்சிருக்கே அக்பெனே?

ஜனவரி 20, சனி

சீருடையைத் தேய்த்து அணிந்து, அவர் அறைக்குச் சென்று சல்யூட் அடித்தேன். "சார், முதல் பயிற்சியில நீங்க கேட்ட பாட்ட நான் பாடல. வேணும்னேதான்."

"தெரியும் சார்ஜன்ட். எனக்குக் காது கேக்கும்" என்றார். "அன்னைக்கு உங்க வேகந்தான் சரி. அதை ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

"கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"சொல்லிப் பாத்தீங்களா?"

"இல்ல சார்" என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, டெட்டேயின் கால் எங்கே தளரும், எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்றெல்லாம் விளக்கினேன். குறுக்கிடாமல் கேட்டார். இறுதியில், "இனிப் பாட்டை நீங்கதான் எடுக்கணும் சார்" என்றேன்.

"ஐயையோ! சர்ச்சுல என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுவாங்க."

"நல்லாப் பாட வேண்டாம் சார். அழைச்சாப் போதும். பதில் சொல்ல நான் இருக்கேன்."

ஜனவரி 26, வெள்ளி

லெப்டினன்ட் பாடினார். வேலியில் மேய்ந்த இரண்டு கழுதைகள் தலை நிமிர்ந்தன. "சார், இது பாட்டா, ஆட்டுக்குப் பிரசவமா?" என்று அவுனி கேட்க, வரிசையே குலுங்கியது. ஒருவரும் பதில் பாடவில்லை. எல்லாத் தலைகளும் பின்னால் என்னைத்தான் பார்த்தன.

எவரையும் அதட்டவில்லை. முழுத்தொண்டையில் நான் மட்டும் பதில் பாடினேன். மீண்டும் அழைத்தார்; மீண்டும் நான் மட்டும். மூன்றாம் முறை டெட்டே சேர்ந்துகொண்டான். அதன்பின் அவுனி. அதன்பின் பிளாட்டூன்.

பிப்ரவரி 1, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. பாட்டுக்குத் தலைமை தாங்கியபோது ஒரு நாளும் கட்டியதில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

டெட்டேயை வரிசையின் முதல் ஆளாக நிறுத்தப் போவதாக லெப்டினன்ட் கூறினார். சாத்திய கதவுக்குப் பின் கடுமையாக எதிர்த்தேன்: "எல்லாரும் பாக்க அவனை அவமானப்படுத்துறீங்க சார்." அவர் அசையவில்லை. "எல்லாரும் அவனைப் பின்னால இழுக்கிற கல்லா நெனைக்கிறாங்க. முன்னால நின்னா அவன்தான் நம்ம அளவுகோல். இதுதான் என் முடிவு சார்ஜன்ட்."

வெளியே வந்தேன். "டெட்டே இனி முதல் ஆள். இது எங்கள் முடிவு" என்று பிளாட்டூனுக்கு அறிவித்தேன். 'எங்கள்' என்ற சொல் சற்றே கசந்தது. எனினும் தடுமாறாமல் சொன்னேன்.

என் கணிப்பு பிழை. டெட்டே இன்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அந்த முதுகை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பிப்ரவரி 10, சனி

வெற்றி! வெற்றி! இச்சொல்லை இரு முறை எழுதும் உரிமையை ஈட்டியுள்ளேன்.

முதலில் மூன்றாம் பிளாட்டூன், "சவ வண்டிக்கு வழி விடுங்கடா!" என்று கூவியபடி எங்களைக் கடந்தது. அவுனி பல்லைக் கடித்தான். டெட்டேயின் அடி மாறவில்லை. வேப்பமரத் திருப்பத்தில் அவர்களுடைய கடைசி ஆட்கள் வழியோரம் குந்தியிருந்தார்கள். "ஏறுங்கப்பா, வண்டியில எடம் இருக்கு!" என்றான் அவுனி.

கடைசி ஏற்றம். லெப்டினன்ட் அழைப்பதற்காகக் கையை உயர்த்தினார், வாயும் திறந்தது, ஒலி வரவில்லை. புழுதி அவர் குரலை முழுதாக விழுங்கிவிட்டது. அடிகள் குழம்பின. பழைய பழக்கத்தில் எல்லாத் தலைகளும் என்னை நோக்கித் திரும்பின. அழைப்பை நான் எடுத்திருக்கலாம். குரல் என்னிடம் இருந்தது.

எடுக்கவில்லை. அவர் அழைத்ததைக் கேட்டவள்போல், "மாமியா குடுத்த கல்லு வேகுது!" என்று பதிலை மட்டும் முழங்கினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். மீண்டும் கை உயர்ந்தது. இம்முறை பிளாட்டூன் முழுவதும் பதிலளித்தது. கை உயரும், இடி முழங்கும். ஒலியே இல்லாத அழைப்புக்கு ஒரு படையே பதில் சொல்லிக்கொண்டு ஏறியது! கோட்டருகே அவர் உள்ளங்கையை விரித்தார். ஒரே அடியில் நின்றோம், கடைசி ஆளாகிய நான் உட்பட, கோட்டுக்கு அப்பால்.

பிப்ரவரி 12, திங்கள்

முடிவு படிக்கப்பட்டது. முதலில் செல்வது நாங்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அயல்நாட்டு முகாமில் முதல் காலை நடை. மண் சிவப்பு, ஹர்மட்டான் இல்லை. புறப்படும்முன் லெப்டினன்ட், "டெட்டே, இன்னைக்குப் பாட்டு உன்னுது" என்று சொல்லிவிட்டு வரிசையின் பின்னால் போனார். "நானா சார்? நானா?" என்று நடுங்கியவன், ஒருவாறு தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டிக்குள் என்ன வேகிறது என்று கேட்டான். பாதியில் குரல் உடைந்தது.

வரிசையில் சிரிப்பு எழுமுன், எனக்கும் பின்னாலிருந்து, சுருதியே சேராத ஒரு குரல் முழுத்தொண்டையில் தனியாகப் பதில் பாடியது.

கழுதைகள் இல்லாத ஊர் இது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.