கண்டலால் பயன் ஒன்றுமில்லை

முசலி
17.10.2012

அன்பு மகன் சனூனுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இருக்கிறோம், வாப்பாவின் முழங்கால் மட்டும் இல்லாத மாதிரி. கத்தார் வெயிலில் உங்கள் உடம்பைக் காப்பாற்றித் தரச் சொல்லி ஐந்து வேளையும் கேட்கிறேன். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் லீவு முடிந்து வருகிற மர்சூக் நானாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாசியில் கொழும்பிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்ததைப் போனில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கழிக்கரை உப்புச் சேற்றில் வேர்விட்டு நிற்கிற கண்டல் மரங்களை வெட்டி இறால் பண்ணை போட ஒரு கம்பனி கேட்டதாம், வெட்டலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லத்தான் வந்தார்களாம், இதெல்லாம் இப்போதுதான் தெரியும், அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் நின்றார்கள், அதில் இரண்டு நாள் பறவை எண்ணினார்கள். தண்ணீர் வற்றிய நேரம் நாங்கள் பெண்கள் வழக்கம்போல மட்டி பொறுக்கிக்கொண்டு நின்றோம், தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கோழி விரட்டுவது போலக் கையை ஆட்டி எங்களை விலகச் சொன்னார், பறவை பயந்துவிடுமாம். அந்தப் பறவைகள் எங்கள் காலடியிலேயே இரை தேடுகிறவை, எங்களைக் கண்டு அவை ஒரு நாளும் பறந்ததில்லை, அவருடைய தொப்பியைக் கண்டுதான் பறந்தன. மூன்றாம் நாள் ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து கொட்டில் கொட்டிலாகப் படிவம் நீட்டினார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம். கதிரை கொடுத்தேன், தூசு தட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்கள். கண்டலால் உங்கள் குடும்பத்துக்கு என்ன பயன், அதற்கு ஒரு பெட்டி, தீப்பெட்டி கூட அதைவிடப் பெரிது.

எங்கள் ஊருக்குப் படிவம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் புத்தளத்து முகாமில் பிறந்த பிள்ளை. தொண்ணூறில் ஊரை விட்டு எங்களை விரட்டிய பிறகு அங்கே இருபது வருடம் நிவாரணப் படிவம் எழுதினோம். காணி ஒன்றுமில்லை, வள்ளம் ஒன்றுமில்லை, நகை ஒன்றுமில்லை. றாபியா மாமி ஒரு தரம் தையல் மிஷின் இருக்கிறது என்று உண்மையை எழுதி ஆறு மாதம் நிவாரணம் இல்லாமல் இருந்தாள், அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் உண்மை எழுதியதில்லை. இந்தப் படிவமும் விதானையோடு வந்தது, வீட்டுத்திட்டப் பட்டியல் எடுக்கிற அதே கிழமையில் வந்தது. உங்களுக்கு மிஸ்கோல் போட்டுக் கேட்டேன், நீங்களும் என்ன சொன்னீர்கள், என்ன போர்ம் எண்டாலும் ஒண்டுமில்லை எண்டு போடுங்கோ உம்மா, அப்பதான் வீடு கிடைக்கும் என்று. போட்டேன். காலையில் அந்தக் கழியில் பிடித்த நண்டு அடுப்பில் கொதிக்கக் கொதிக்க, ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு ஒன்றுமில்லை.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து அறிக்கை வாசித்தார்கள். பறவைக்கு இரண்டு பக்கம், இறாலுக்கு ஒன்பது பக்கம், எங்களுக்கு அரை வரி, அப்பகுதி மக்கள் கண்டலால் யாதொரு பயனும் பெறுவதில்லை என்று. எனக்கு வந்ததே ஆத்திரம். எழும்பி, நாங்கள் திண்டு வளர்ந்ததே அந்தக் கழியிலதான், படிச்ச ஆக்கள் வந்து கண்ணை மூடிக்கொண்டா எழுதினநீங்கள் என்று கேட்டுவிட்டேன். தொப்பிக்காரர் கோபிக்கவே இல்லை, கோபித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து, கைருன்னிசா எண்டுறது நீங்கள்தானே அம்மா என்று கேட்டார். ஓம் என்றேன். தாளைத் தூக்கிக் காட்டினார். என்னுடைய எழுத்து, என்னுடைய கையெழுத்து. இருபது வருடம் படிவக்காரரை ஏமாற்றிப் பழகிய கை கடைசியில் என்னையே ஏமாற்றிவிட்டது. அன்றைக்கு நான் வெட்கப்பட்ட அளவு முகாமில் கக்கூஸ் வரிசையில் நின்ற காலத்திலும் பட்டதில்லை.

கண்டல் வெட்டுவதற்கு ஆட்சேபனை இருந்தால் இருபத்துநாலாம் திகதிக்குள் எழுத்தில் தரலாம் என்றார்கள். உடனே ஊரில் பேச்சு மாறியது. மட்டி நண்டு பிடிக்கிறோம் என்று எழுதினால் அது வருமானமாம், வருமானம் உள்ளவர் பெயரை வீட்டுத்திட்டத்தில் வெட்டிவிடுவார்களாம். வெட்டுவார்கள் என்று யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. றாபியா மாமியிடம் தாளை நீட்டினேன், கை ஈரமாம், பிறகு பார்ப்போமாம். நாள் தவறாமல் கழியில் நிற்கிறவள், அவளுடைய கை எந்த நாளில் காய்ந்திருக்கிறது. உங்கள் வாப்பா அதற்கு மேல், பேசாமல் இருங்கோ, முதல்ல ஓட்டு வீடு வரட்டும், கண்டல் பிறகும் முளைக்கும் என்கிறார். இவர் கடலுக்குப் போகிற மனிதர். இறால் பண்ணைக்குக் கிண்டிய குளத்தில் கண்டல் முளைத்ததைப் புத்தளத்தில் எங்கே கண்டாராம்.

நாங்கள் திரும்பி வந்த நாளைப் பற்றி உங்களுக்கு ஒருவரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆண்களுக்கு அது சொல்லிக்கொள்கிற கதை இல்லை. பஸ் இறக்கிவிட்ட இடத்தில் வெறும் காடு. பள்ளிவாசல் சுவர் இல்லை, றோட்டு இல்லை, கிணறு இல்லை. இதுதான் நம்ம ஊர் என்று வாப்பா ஒரு பற்றையைக் காட்டினார், மர்சூக் நானாவின் வாப்பா இன்னொன்றைக் காட்டினார், இரண்டு பேரும் வெயிலில் நின்று சண்டை பிடித்தார்கள். நான் கழிப்பக்கம் இறங்கிப் போனேன். கண்டல் அதே வளைவில் நின்றது, கல்யாணமான புதிதில் நாங்கள் பெண்கள் மாற்றுச் சேலை தொங்கப்போட்ட வேர்கள் கூட அப்படியே நின்றன. ஆம்பிளைகள் வராத இடம் அது ஒன்றுதான் எங்களுக்கு, சிரித்ததும் அழுததும் அங்கேதான். அந்த வளைவில் முதுகைக் கொடுத்து நின்று, மேற்கே நேராக நடந்து, இங்கே வெட்டுங்கோ என்றேன். பற்றைக்கு அடியில் நம் கிணற்றுக் கட்டு இருந்தது. கிணற்றிலிருந்துதான் பள்ளிவாசலைக் கண்டுபிடித்தார்கள், பள்ளிவாசலிலிருந்து மற்ற நாற்பது வீட்டு வளவையும் கண்டுபிடித்தார்கள். வாப்பா காட்டிய பற்றை அடுத்த ஊர் ஆட்களை அடக்குகிற மையவாடி.

இதை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று அந்தத் தொப்பிக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது, ஆகையால் பெட்டி இல்லாத வெள்ளைத் தாளில் எழுதினேன். மட்டி, நண்டு, விறகு எல்லாம் எழுதினேன், நான் முதலில் எழுதியது பொய் என்றும் எழுதினேன், அடியில், இந்தக் கண்டலைப் பார்த்துத்தான் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தோம் என்று எழுதினேன். நேற்று பஸ் ஏறிப் போய் அரசாங்கக் கந்தோரில் கொடுத்து முத்திரை குத்திய பிரதியும் வாங்கி வந்துவிட்டேன். கொடுத்தது நான் ஒருத்தி மட்டும்தான்.

வீட்டு விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதை வெட்டினாலும் வெட்டுவார்கள். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன் மகன். பயமாகவும் இருக்கிறது, சொல்லாமல் என்ன. ஆனால் கொடுத்த தாளைத் திரும்ப வாங்க மாட்டேன், அதற்காக போன் எடுக்க வேண்டாம்.

பெருநாள் தொழுகைக்கு நேரத்தோடு போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இராச் சாப்பாட்டைத் தேத்தண்ணியோடு முடிக்காதீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான றிஸ்கையும் பிழைப்பையும் தருவானாக. அடுத்த வருடம் லீவில் வரும்போது ஓட்டு வீடு இருக்குமோ இதே தகரம்தானோ தெரியாது. முகாமிலிருந்தே கத்தார் போன நீங்கள் ஊரை இன்னும் கண்ணால் காணவில்லை, பஸ்ஸால் இறங்கி வழி தெரியாவிட்டால் கண்டல் வளைவில் முதுகைக் கொடுத்து மேற்கே நடவுங்கள், உம்மா நிற்பேன். கண்டல் இல்லாவிட்டால் கந்தோரில் போய்க் கேளுங்கள், அறிக்கையைப் பார்த்து உங்கள் ஊர் எங்கே என்று சொல்வார்கள்.

உங்கள் உம்மா
றசாக் கைருன்னிசா