கேஸ அடச்சியா?

சனிக்கிழமை, ராத்திரி.

விலங்கு மீட்பு மையத்தை இன்று எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். கிளிக்கூண்டுப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்றிருந்தேன். சனியன்கள் நேரே அங்கேதான் ஓடின.

போன வருஷம் எங்கள் வீட்டுக் கிளியை அட்டைப்பெட்டியில் வைத்து அந்த வாசலில் விட்டு வந்தவள் நான். கிளி வளர்ப்பது குற்றம் என்று வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே வீட்டில் ஆறு வருஷம் வளர்த்தேன். அடுப்பை நினைத்து என் வீட்டுக்காரர் தினமும் படுக்கப்போகும்போது கேட்பதை, அவர் குரலிலேயே "லீலா, கேஸ அடச்சியா?" என்று நாள் முழுக்கக் கேட்கும். இன்று பிள்ளைகள் முன்னால் அப்படிக் கேட்டிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

கூண்டுக்குள் எங்கள் கிளியின் ஒரு நகம் இல்லாத அந்தக் காலைக் கண்டதும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இது பேசுமா அண்ணா?" என்றாள் ஒருத்தி.

"வந்த புதுசுல கேஸ அடச்சியாண்ணு ஓயாம கேக்கும் மக்கா," என்றார் அங்கே தீனி போடுகிறவர். "இப்போ மத்த கிளிககூட சேந்து எல்லாம் மறந்துட்டு. யாரோ வெட்டி விட்டிருந்த றெக்கையும் முளச்சாச்சு. சீக்கிரம் காட்டுல விட்டிருவோம்."

நல்லவேளை, என் பேரைச் சொல்லவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. கிளி என்னைப் பார்த்து ஒருதடவை கத்தியது. வெறும் கிளிக்கத்தல்தான். அப்பாடா.

இப்போதுதான் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து கேட்டார்: "லீலா, கேஸ அடச்சியா?"

"அடச்சாச்சு" என்றேன், வராந்தாவில் கிளிக்கூண்டு இல்லாமல் காலியாகத் தொங்கும் கொக்கியைப் பார்த்து.