ஓலை வாசிப்பைத் தள்ளி வைத்தோம்

சேசு மரி சூசை துணை

வண்டிப்பெரியார்
16-9-1973

அன்பு மகள் இன்பமேரிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், கல்கத்தாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது, அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்துவிட்டது, பீடிதான் குறையவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. யுத்த சமயத்தில் அகதி முகாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நீ பார்த்ததைச் சாட்சி சொல்ல நவம்பரில் அதிகாரிகள் கூப்பிடுவதாகவும், கல்யாணமும் அதே மாதம் என்பதால் நாங்கள் வேண்டாமென்றால் மறுத்துவிடுவதாகவும் எழுதியிருந்தாய். அப்பா முதலில் குதிகுதியென்று குதித்தார். பிறகு, பாகிஸ்தான் பட்டாளத்து ஆட்கள் நூற்றுத் தொண்ணூற்றைந்து பேரை பங்களாதேஷ் விசாரிக்கப் போகிறது, நம் சர்க்காரும் அதற்கு ஆதரவு என்று ரேடியோவில் கேட்டார். அதிலிருந்து, என் மகளை சர்க்காரே கூப்பிடுது என்று எஸ்டேட் லயத்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்குப் பயமெல்லாம் மாப்பிள்ளை வீட்டை நினைத்துத்தான். நினைத்தபடியே மாப்பிள்ளை சுவக்கீனின் அம்மா கத்தரீனாள் கம்பம்மெட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கல்யாணப் பொண்ணு கோர்ட்டுல நின்னு அந்த அசிங்கத்தை எல்லாம் சொல்லலாமா மதினி என்று கேட்டாள். நானும் விடவில்லை. கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிக்கும்போது, தடை தெரிஞ்சவங்க சொல்லியே ஆகணும், மறைச்சா பாவம்னு சாமியார் சொல்றாருல்ல, ஒரு கல்யாணத்துக்கே அப்படின்னா இத்தனை உசுரு போனதுக்குத் தெரிஞ்சவ வாயை மூடிக்கிட்டு இருக்கலாமா என்று கேட்டேன். அவள் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு எழுந்தாள். கிளம்பும்போதுதான், ஓலையை கிறிஸ்மஸ் கழிச்சு வச்சுக்கிருவோம், தை மாசம் தாலி கட்டட்டும் என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆகவே தைரியமாகப் போ. வேளைக்குச் சாப்பிடு. தெரியாததைத் தெரியாது என்று சொல், கோபத்தில் ஒன்றைக் கூட்டிச் சொல்லாதே.

இத்துடன் எழுபத்தொன்றில் நீ எழுதிய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். உன் கையைப் பிடித்தபடியே இறந்துபோன அந்தப் பெண்ணின் பேர், ஊர், தேதி எல்லாம் அதில் இருக்கிறது, விசாரணைக்கு உதவும், பத்திரம். மாதா உன்னைக் காத்துக்கொள்ளட்டும்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இதையெல்லாம் வீட்டுக்கு எழுதாதே என்று உன்னைத் திட்டி எழுதினேன். அதன்பிறகு, இந்தச் சாட்சிக் கடிதம் வரும்வரை, இரண்டு வருஷமாக நீ சாப்பாட்டையும் சம்பளத்தையும் தவிர ஒன்றும் எழுதவில்லை. அது என் தப்பு. அங்கே சொல்லி முடித்ததும் எனக்கும் எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

உன் அம்மா
செபமாலையம்மாள்