எட்டுத் தட்டு என்று எழுதிய படம்

ஸ்ஃபாக்ஸ்,
பெருநாள் முடிந்து நான்காம் நாள்.

அன்பு மகன் வஜ்திக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, மார்செய்யில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் கணினி இதை வாசிக்கும்போது காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொள், பக்கத்து மேசைக்காரர்கள் கேட்க வேண்டாம்.

இங்கே மூன்று நாளாகக் காற்று, மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மணல். பார்வையற்றோர் சங்கத்தின் இணையதளத்துக்குப் படக்குறிப்பு எழுதும் வேலை நடக்கிறது. ஆரம்பத்தில் நான் எல்லாப் படத்துக்கும் அழகான காட்சி என்று எழுத, "அழகுன்னா எனக்கு என்ன தெரியும் உம்மா, யாரு இருக்காங்க, என்ன செய்றாங்க, அதச் சொல்லு. இது ஒரு படம்னு வேற எழுதாத, அத மெஷினே சொல்லிடும்" என்று நீ சலித்துக்கொண்டாயே, இப்போது சங்கத்துப் பெண்களை நானே அதட்டுகிறேன். போன வாரம் ஒருத்தி, கூட்டத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். மூன்று பேர் சிரிக்கிறார்கள், ஒருவர் போனைப் பார்க்கிறார் என்று திருத்தினேன். கண்ணில் பட்டதை எழுது, மனதில் நினைத்ததை எழுதாதே என்று அவளிடம் சொன்ன வாய்தான் இது.

பெருநாள் மதியம் உனக்கு ஒரு படம் அனுப்பி, நீல விரிப்பு போட்ட மேசை, சுற்றிலும் எட்டுத் தட்டுகள், நடுவில் உப்பு மீனும் வெங்காயமும் உலர்திராட்சையும் போட்ட ஷர்மூலாக் குழம்பும், நஜாத் சித்தியின் பேரன் அதிலிருந்து திராட்சையைப் பொறுக்கித் தின்கிறான் என்று எழுதினேன் அல்லவா. அந்தப் படத்தில் எட்டுத் தட்டு இல்லை வஜ்தி. நஜாத் வீட்டையே காலி செய்துகொண்டு துனிஸில் மகளோடு இருக்கப் போய் இரண்டு மாதமாகிறது, உன்னிடம் சொல்லவில்லை. போன வருடம் நஜாத் ஊரில் இல்லாத ஒருநாள் தனியாகச் சாப்பிட்டேன் என்று வாய்தவறிச் சொன்னதற்கு நீ வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டினாய், திரும்ப அந்த வேலையில் உன்னைச் சேர்த்துக்கொள்ளும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயம்தான்.

பெருநாள் வாழ்த்துச் சொல்ல அடுத்த வீட்டு தலெந்தாவுக்கு போன் செய்தாயாமே, விருந்தைப் பற்றியும் சொன்னாயாமே. மறுநாள் காலை அவள் கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளே வந்தாள், காபி வேண்டாம் என்றாள். "எட்டுப் பேர்னு பையன் சொன்னான் சல்வா. சுவத்துக்கு அந்தாண்டதான நான் இருக்கேன், எனக்கு ஒரே ஒரு கரண்டிச் சத்தம்தான் கேட்டுச்சு" என்றாள். "கண்ணு தெரியாத எங்களுக்கு நீ எழுதுறதுதான் படம். அதுல பொய் இருந்தா நாங்க எதத் திருப்பிப் பார்க்கிறது? இனிமே நீ சொல்றதுல எத அவன் நம்புவான்?" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "கதவத் தட்டியிருந்தா வந்திருப்பேன்ல, நானும் தனியாத்தான் தின்னேன்" என்றாள். பதினாறு வருடமாக ஒரே சுவர், எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டு, "வியாழக்கிழமை நான் எடுக்குற படக்குறிப்பு வகுப்புல உன் படத்ததான் காட்டப்போறேன் உம்மா, எப்படி எழுதணும்னு இவங்க உங்கிட்ட கத்துக்கட்டும்" என்றாய். பெருமையாகச் சொன்னாய், நான் சரி என்று போனை வைத்துவிட்டேன். கண் தெரிந்த நாற்பது பேர் திரையைப் பார்த்திருக்க, நீ எட்டுத் தட்டு என்று வாசித்து நிற்பதை நினைத்து இரண்டு நாளாக அடுப்புப் பக்கம் போகவில்லை. அதனால் இப்போது சரியாக எழுதுகிறேன்.

நீல விரிப்பு போட்ட நீள மேசை. ஒரு ஓரத்தில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு டம்ளர். தட்டில் உப்பு மீன் துண்டு, அதன்மேல் பழுப்பு நிற ஷர்மூலா. சுற்றிலும் ஏழு காலி நாற்காலிகள். படம் எடுத்த பெண்ணின் நிழல் விரிப்பின் மேல் விழுந்திருக்கிறது.

இதையே வகுப்பில் வாசி. என் உம்மா முதலில் தப்பாக எழுதினாள், பிறகு திருத்தினாள் என்றும் சொல், எனக்கு வெட்கமில்லை. ஆனால் இதற்காக வேலையை விட்டு வராதே, விடுமுறை கிடைக்கும்போது வா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தரட்டும். மழை நாளில் மெட்ரோ படியில் கைப்பிடியை விடாதே. படித்து முடித்ததும் கூப்பிடு, கோபமாக இருந்தாலும் கூப்பிடு.

உன் உம்மா,
சல்வா